ஒரு கம்பி, இரண்டு வீடு

1

எங்கள் வீட்டில் கேபிளை நிறுத்தி நேற்றோடு ஒரு வருடம் ஆகிறது. யாரும் கொண்டாடுகிற நாள் இல்லை. மகளின் தடுப்பூசி தேதிகளைக் குறிக்கிற காலண்டரில் போன வருடம் நானே எழுதி வைத்திருந்ததால் தெரிந்தது.

நாங்கள் இருப்பது கனடாவில், டொராண்டோவுக்கு அருகில் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு சிறு ஊரில். வந்த புதிதில் கேபிள் கம்பெனியின் தமிழ் சேனல் தொகுப்பை வாங்கினோம். ஆறு வருடம் ஓடியது. அதை நிறுத்த நான் மூன்று முறை போன் செய்யவேண்டியிருந்தது. பேச வேண்டியதை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் கூப்பிட்டேன். எதிர்முனையில் பேசிய பெண், "ஏன் எங்களை விட்டுப் போகிறீர்கள்?" என்று அவ்வளவு வருத்தமாகக் கேட்டாள். நான் "சாரி" என்றேன். மூன்று மாதம் சலுகை தருகிறேன் என்றாள். சரி என்றேன். இரண்டாவது தடவையும் அப்படியே ஆனது. மூன்றாவது தடவை என் கணவர் செந்தில் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததால் தப்பித்தேன்.

கேபிள் போன இடத்தில் ஆன்டெனா வந்தது. ஊரில் இதை வாசிக்கிறவர்கள் கூரைமேல் நிற்கும் பழைய அலுமினியக் கம்பிகளை நினைக்கவேண்டாம். இது சாப்பாட்டு மேசையில் தட்டுக்குக் கீழே விரிப்பார்களே, அந்த அளவுக்கு மெல்லிய ஒரு கறுப்புத் தகடு. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டு டிவியில் தேடச் சொன்னால் இருபத்தைந்து சேனல்கள் கிடைத்தன. ஏரிக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவிலிருந்துகூட இரண்டு மூன்று. யாருக்கும் ஒரு பைசா தரவேண்டாம்.

"இதெல்லாம் எங்க இருந்துச்சு இவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"காத்துலதான். நம்ம வூட்டு வழியாத்தான் போயிட்டு இருந்துச்சு. நாமதான் புடிக்கல," என்றார் செந்தில்.

அந்தப் பதில் என்னை வெகுநாள் விடவில்லை. பாத்திரம் கழுவும்போது என் கைகளுக்கு ஊடாக யாரோ வானிலை வாசித்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். தகட்டை ஒரு விரல் இடம் நகர்த்தினால் ஒரு சேனல் போய் இன்னொன்று வரும். ஏன் என்று புரியவில்லை. நானும் என் ஐந்து வயது மகள் மித்ராவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதை ஜன்னல் ஜன்னலாக ஒட்டிப் பார்த்தோம்.

2

தமிழ் நிகழ்ச்சிகளுக்கு இணையம். அதில் குறைவே இல்லை. ஆனால் கேபிள் இருந்தபோது தமிழ் தானாக வந்து கூடத்தில் பேசிக்கொண்டிருந்தது. இப்போது நாங்கள் போய்க் கூப்பிட வேண்டும். கூப்பிடுவது யார்? செந்தில் கிரிக்கெட்டைக் கூப்பிடுகிறார். மித்ரா ஆங்கிலத்தில் பேசும் பன்றிக்குட்டிகளைக் கூப்பிடுகிறாள். நான் எதைப் பார்ப்பது என்று தேடியே அரை மணி நேரத்தைக் கழித்துவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்துவிடுகிறேன்.

மித்ரா "அம்மா, I'm பசிக்குது" என்று சொன்ன அன்று, கேபிளை நிறுத்தியது தப்போ என்று செந்திலிடம் கேட்டேன். கேபிள் இருந்தபோதும் அப்படித்தான் சொன்னாள் என்றார். இருக்கலாம். நான் கவனித்திருக்க மாட்டேன்.

இவ்வளவு குழப்பம் உள்ள ஒருத்தி, போன ஜூலையில் ஊருக்குப் போய், தன் அப்பா வீட்டிலும் இதையே செய்து வைத்தாள் என்றால் நம்புவீர்களா? அதைத்தான் எழுத வந்தேன்.

3

அப்பாவின் வீடு பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து நான்கு கிலோமீட்டர். ஒரே வீடாக இருந்ததை நடுவில் சுவர் வைத்து, வடக்குப் பாதி பெரியப்பாவுக்கும் தெற்குப் பாதி அப்பாவுக்கும் என்று பிரித்தது நான் பள்ளியில் படிக்கும்போது. அதில் சண்டை எதுவும் இல்லை. சண்டை வந்தது எட்டு வருடத்துக்கு முன்னால், என் கல்யாணத்தில்.

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் எங்கே வரவேண்டும் என்பதற்கு ஒரு முறை உண்டு. வீட்டுக்குப் பெரியவர் பெயரில்தான் அழைப்பே இருக்கவேண்டும். என் பத்திரிகையில் பெரியப்பாவின் பெயர் கீழே இறங்கி, என் தாய்மாமன் பெயருக்கும் அடியில் வந்துவிட்டது. அச்சடித்து, மஞ்சள் தடவி, பாதி ஊருக்குக் கொடுத்தபிறகுதான் பார்த்தார்கள். பெரியப்பா மண்டபத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், சாப்பிடாமல் போனார். அன்றிலிருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை. அம்மாவும் பெரியம்மாவும் வழக்கம்போலப் பேசிக்கொள்வார்கள். குழம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும். அந்த இரண்டு ஆண்கள்தான்.

ஆனால் கேபிள் கம்பி ஒன்று. வீடு ஒன்றாக இருந்தபோது இழுத்தது. தெருக் கம்பத்திலிருந்து பெரியப்பா மாடிக்கு வரும். அங்கே ஒரு இணைப்பு. அங்கிருந்து எங்கள் மாடிக்கு வரும். அங்கே ஒரு சின்னப் பெட்டி, அதில் இரண்டாகப் பிரிந்து ஒன்று எங்கள் டிவிக்கும் ஒன்று திரும்ப அவர் டிவிக்கும் போகும். சுவர் வைத்தவர்கள் கம்பியைப் பிரிக்க மறந்துவிட்டார்கள். இதனால் அவர் பக்கம் ஏதாவது ஆனால் எங்களுக்குப் படம் நிற்கும். எங்கள் பக்கம் பெட்டியில் தண்ணீர் இறங்கினால் அவருக்கு நிற்கும்.

நான் போன மறுநாளே பார்த்தேன். சாயங்காலம் செய்தியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. அப்பா வாசலுக்குப் போனார். வானத்தைப் பார்த்துக்கொண்டு, "படம் நின்னு போச்சு!" என்று சத்தமாகச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்க மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

"இப்ப?" என்றது பெரியப்பாவின் குரல், யாரையும் பார்த்து இல்லாமல்.

"இல்ல."

"இப்ப?"

"வந்து வந்து போவுது."

"வந்தா வந்துச்சுன்னு சொல்லணும், போனா போச்சுன்னு சொல்லணும். வந்து வந்து போவுதுன்னா என்ன அர்த்தம்?"

"ம். வந்துடுச்சு."

அவ்வளவுதான். அண்ணன் என்றும் இல்லை, தம்பி என்றும் இல்லை. அப்பா உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். எனக்குச் சிரிப்பாகவும் கஷ்டமாகவும் இருந்தது. வாரத்தில் எத்தனை தடவை இப்படி என்று அம்மாவிடம் கேட்டேன்.

"மழ பேஞ்சா தெனம். இல்லன்னா ரெண்டு மூணு தரம்," என்றாள் அம்மா. "அந்த கேபிள்கார மேரிகிட்ட சரி பண்ணச் சொல்லுங்கன்னா உங்கொப்பா கேக்கறதே இல்ல."

4

மித்ராவுக்கு அந்த டிவி ஒரு புதிராக இருந்தது. விளம்பரம் வந்ததும், "தாத்தா, skip பண்ணுங்க," என்றாள்.

"அது முடியாது சாமி. அவன் போடறத நாம பாக்கணும்," என்றார் அப்பா.

"யாரு அவன்?"

அப்பா ரிமோட்டை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

ஒருநாள் அவள் பெரியப்பா வீட்டுக்கு ஓடினாள். குழந்தைகளுக்குச் சண்டை கிடையாது. போன வேகத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "அம்மா! பெரிய தாத்தா வீட்லயும் same ஆன்ட்டி அழறாங்க!" மறுபடி ஓடினாள். மறுபடி வந்தாள். "இப்போ அங்கயும் கண்ணைத் துடைச்சாங்க!" ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் ஒரே படம் ஓடும் என்பது அவள் அனுபவத்தில் இல்லாதது. எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேரும் மூன்று திரையில் மூன்று நேரத்தில் பார்க்கிறவர்கள். எந்த வீட்டில் முதலில் வருகிறது என்று கண்டுபிடிக்க அவள் அன்று பத்துப் பன்னிரண்டு தடவை ஓடியிருப்பாள்.

நான் அவளோடு சேர்ந்து ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ வேறு கவலை. அவள் ஓடி ஓடிப் பார்த்தது சீரியலில் ஒருத்தி இன்னொருத்தியைக் கன்னத்தில் அறைவதை. அன்று சாயங்காலம் தன் பொம்மையை அறைந்து, "இந்த வீட்டை விட்டு வெளியே போ" என்று சுத்தமான தமிழில் சொன்னாள். தமிழ் வந்துவிட்டதே என்று சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? இரண்டையும் செய்தேன். பயம் கொஞ்சம் அதிகம்.

அப்பாவுக்கும் நல்ல படம் கிடைக்கும், வாசலுக்கு ஓட வேண்டாம், மித்ராவும் கண்டதைப் பார்க்க மாட்டாள் என்று கணக்குப் போட்டேன். கடமையுள்ள மகள் இல்லையா.

5

முதலில் ஆன்டெனா. கனடாவிலிருந்து ஒரு தகட்டைப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். சித்தேரி மலையைப் பார்த்த ஜன்னலில் ஒட்டினேன். டிவி தேடியது. பூஜ்யம். இடம் மாற்றினேன். மாடிக்குக் கொண்டுபோனேன். பூஜ்யம்.

கேபிள் நடத்தும் சகாயமேரி அக்காவை அம்மா கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். கணவர் இறந்தபிறகு சுற்றுப்பட்டு ஊர்களுக்குக் கம்பி இழுப்பது, பழுது பார்ப்பது எல்லாம் அவர்தான். வண்டியை நிறுத்திவிட்டு மாடிக்கு வந்தவர் என் கையிலிருந்த தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன கண்ணு இது?"

"ஆன்டெனாக்கா. அங்க இதுலதான் இருபத்தஞ்சு சேனல் வருது."

"அனுப்பறதுக்கு அங்க டவர் இருக்குது, வருது. இங்க கவர்மென்ட்டு டிவி டவர நிறுத்தி எத்தன வருசம் ஆச்சு. யாருமே அனுப்பாதத இது எங்கருந்து புடிக்கும்? கொழம்புச் சட்டிக்கு மூடி வெச்சுக்க, நல்லா இருக்கும்."

காற்றில் எப்போதும் எல்லா இடத்திலும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று நான் நம்பியிருந்தேன். யாராவது அனுப்பினால்தான் உண்டு என்று தோன்றவே இல்லை. இரண்டு டிகிரி படித்தவள்.

ஆகவே இணையம். அதையும் மேரி அக்காவேதான் தருகிறார். புதுக் கம்பி நேராக எங்கள் வீட்டுக்கு இழுத்தார். வைஃபை பெட்டியை மாட்டினார். பிறகு மாடியில் அந்தச் சின்னப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்.

"கேபிள எடுத்துட்டா இந்தப் பொட்டி வேண்டாம். உங்க பெரியப்பாவுக்கு கம்பத்துலருந்து தனியா ஒரு லைன் இறக்கிடறேன். அவருக்கும் படம் நல்லா வரும். ஆனா யோசிச்சுச் சொல்லு கண்ணு."

"என்னக்கா யோசிக்கறது? நல்லா வந்தா நல்லதுதானே?"

"இல்ல, உங்கப்பாவ ஒரு வார்த்த கேக்கலாம்ல."

கீழே மித்ரா பாத்ரூமிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "எடுத்துடுங்கக்கா," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மேரி அக்காவுக்குப் பலமுறை போன் செய்ய வேண்டியிருக்கவில்லை. யாரும் வருத்தப்பட்டு ஏன் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. ஒரு கட்டிங் பிளேயர், அவ்வளவுதான்.

6

படம் அபாரமாக வந்தது. அப்பாவுக்கு வேண்டிய செய்தி, வேண்டிய நேரத்தில். ரிமோட்டில் பேசினால் தேடித் தரும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் அதை வாயருகே வைத்து, "செய்திங்க," என்று மரியாதையாகச் சொன்னார். அதுவும் தந்தது. பெரியப்பா வீட்டிலும் ஒரு குறையும் இல்லை என்று பெரியம்மா வந்து சொன்னார்.

ஒரு வாரம் கழித்து மழை பெய்தது. நல்ல மழை. அப்பா எழுந்து வாசலுக்குப் போய் நின்றார். டிவி உள்ளே தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, காயப்போட்ட துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அந்தப் பக்கத்திலும் சத்தம் இல்லை.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "பேசிக்க இருந்தது அந்த ஒண்ணு. அதுவும் சரியாப் போச்சு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேரி அக்கா ஏன் யோசிக்கச் சொன்னார், அப்பா ஏன் இத்தனை வருடமாகப் பழுது பார்க்கச் சொல்லவில்லை என்பதெல்லாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் அது கெட்டுப்போன கம்பியாகத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றை இங்கே எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பே பொய்யாகிவிடும். அந்தக் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை அச்சகத்தார் என் போனுக்குத்தான் அனுப்பினார்கள். வாசித்துப் பார்த்து "ஓகே" சொன்னது நான். விசா வேலையில் பறந்துகொண்டிருந்தேன். என் பெயருக்குப் பின்னால் டிகிரிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். ஒரு புள்ளி விட்டிருந்தது, திருத்தினேன். பெரியப்பா பெயர் இடம் மாறியிருந்ததைப் பார்க்கவில்லை. பிரச்சினை வந்தபோது அப்பா, "நான்தான் பாத்தேன்," என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்காமல் விமானம் ஏறினேன்.

மறுநாள் காலை பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் சொட்டுநீர்க் குழாயை மடியில் போட்டுக்கொண்டு, அடைத்த ஓட்டைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் மித்ரா, என் போனில் அவருக்கு எட்டுக்கால் உள்ள ஏதோ கடல் பிராணியைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா, என் கல்யாணப் பத்திரிகையப் பாத்து சரின்னு சொன்னது நான்தான். அப்பா இல்ல. அவரு அச்சாகி வந்தப்பறம்தான் பாத்தாரு."

ஊசி நின்றது. "உனக்கு எத்தன டிகிரி?"

"ரெண்டுங்க பெரியப்பா."

"ரெண்டு டிகிரி படிச்சவளுக்கு, வூட்டுக்குப் பெரியவன் பேரு எங்க இருக்கணும்னு தெரியல."

"டிகிரி சரியாப் போட்டிருக்காங்களான்னுதான் பாத்தேன்."

"அதத்தான் பாத்திருப்ப." அடுத்த ஓட்டைக்குப் போனார். ரொம்ப நேரம் குத்தினார். "அவன் ஏன் சொல்லல?"

"என்மேல கோவப்படுவீங்கன்னு."

"பட்டிருப்பேன்," என்றார். "ஒரு வாரம் பட்டிருப்பேன்."

குழாயை அடுத்த முழத்துக்கு நகர்த்திக்கொண்டார். அவர் உடனே எழுந்து அந்தப் பக்கம் போவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. எட்டு வருடத்தை எடுத்துக்கொண்டு எந்த முகத்தோடு ஒரு மனிதர் போவார் என்பதை யோசிக்கவில்லை.

7

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். ஓசூரில் வேலை செய்யும் அவர் மகன் வாங்கித்தந்த போனைக் கையில் வைத்திருந்தார்.

"இந்த எட்டுக்கால் பிராணி இருக்குதே, அதுக்கு மூணு இருதயமாம். புள்ள காட்டுச்சு. மிச்சத்தப் பாக்கலாம்னா நெட்டு தீந்துபோச்சுங்குது. இங்க பாரு, மித்ரா வூடுன்னு ஒண்ணு வருது, தொட்டா பூட்டு போட்டிருக்குது."

அது அப்பா வீட்டு வைஃபை. நடுச்சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்தது நான். அவர் கையிலிருந்து போனை வாங்கி நான்கு நொடியில் போட்டுக் கொடுத்திருக்கலாம். பெரியவர்கள் கேட்டால் உடனே செய்துதான் எனக்குப் பழக்கம்.

"பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதுங்க பெரியப்பா. அப்பாதான் வெச்சாரு. அவரக் கேட்டுக்குங்க."

"அவன் வெச்சானா? அவனுக்குப் போன்ல ஒரு பேரு ஏத்தத் தெரியாது."

"இல்லீங்க, அவர்தான் வெச்சாரு."

என்னை ஒரு பார்வை பார்த்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். நாங்கள் கிளம்பும் வரை அவர் அப்பாவிடம் கேட்கவில்லை. பெங்களூர் விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம், ஒரு வயதான மனிதர் ஆசைப்பட்டுக் கேட்டதைப் பொய் சொல்லி மறுத்துவிட்டோமே என்று மனது அடித்துக்கொண்டது. தொப்பூர் வழியாக எங்கள் ஊர்ப்பக்கம் போகிற பஸ் ஒன்று எதிரில் போனபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கனடா திரும்பி ஆறு வாரம். ஒவ்வொரு சனிக்கிழமையும் பேசும்போது, பெரியப்பா அப்பாவிடம் ஏதாவது கேட்டாரா என்று அம்மாவிடம் ஜாடையாகக் கேட்பேன். "ஒண்ணும் இல்ல," என்பாள்.

போன சனிக்கிழமை காலை, இங்கே தோசைக் கல் அடுப்பில் இருக்கும்போது, அப்பாவே வீடியோவில் கூப்பிட்டார். முகம் தெரியவில்லை. ஒரு மின்விசிறியும் சுவரும் தெரிந்தன. அந்தச் சுவரின் நிறம் எங்கள் வீட்டு நிறம் இல்லை.

"ஏம்மா, அந்த வைஃபைக்குப் புள்ள பேருக்குப் பின்னால ஏதோ நம்பர் வெச்சியே, என்ன அது? எழுதி வெச்ச சீட்டக் காணோம்."

"யாருக்குப்பா?"

வேறொரு குரல் சொன்னது: "யாருக்குன்னு அவளுக்குத் தெரியும். நம்பரக் கேளுடா மொதல்ல."

"மித்ராவோட பொறந்த நாள்ப்பா," என்றேன்.

சோபாவில் படுத்திருந்த மித்ரா, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து, தேதியையும் மாதத்தையும் ஆங்கிலத்தில் கத்தினாள்.

"புள்ள என்னடா சொல்லுது?"

"எனக்கு மட்டும் வெளங்குதா? தமிழ்ல சொல்லச் சொல்லும்மா."

நான் வாயைத் திறக்குமுன் மித்ரா எழுந்து வந்து போனுக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு விரலாக மடக்கி, தமிழில் சொன்னாள். ஒரு இடத்தில் தப்பு. திருத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் யாரோ பொத்தானை அழுத்தும் சத்தம். அழித்துவிட்டு மறுபடி அழுத்தும் சத்தம். தோசை கருகுகிற வாசம் வந்தது, நான் நகரவில்லை.

"சுத்துது."

"சுத்தட்டும், பொறு."

இதில் எதை யார் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் குரல் ஒன்றுபோல இருக்கும்; ஒரே அறையில் வைத்துக் கேட்டு எட்டு வருடம் ஆகியிருந்ததில் அதை மறந்திருந்தேன்.